பச்சையாக எரிந்த சிதை

கொள்ளி வைத்த பிறகு திரும்பிப் பார்க்கக் கூடாது என்பார்கள். அன்று முதலில் நாங்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனாலும் தெரிந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் கதிர்காமம் என்கிற ஊருக்கு மேற்கே, ஓர் ஓடைக்கரையில் இருக்கிற சின்னச் சுடுகாடு அது. பொழுது சாய்ந்து, இன்னும் இருட்டாத நேரம். தன் அப்பாவின் சிதைக்குக் கொள்ளி வைத்துவிட்டு பிரபு தலைமுழுக நடந்தான். அவனுக்குப் பின்னால் அவன் பெரியப்பா வேலாயுதம், அப்புறம் உறவுக்காரர்கள், பட்டறை ஆட்கள், கடைசியில் நான். முள்ளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும்.

எனக்கு முன்னால் போனவரின் வெள்ளை வேட்டி பச்சையானது.

மரத்து நிழல் என்று நினைத்தேன். பக்கத்தில் மரமே இல்லை. அவருக்கு முன்னால் போனவரின் சட்டை முதுகும் பச்சை. அதற்கும் முன்னால் பிரபுவின் ஈரத் தோள்பட்டையும் பச்சை. பாதையில் நீண்டு கிடந்த எங்கள் நிழல்களைச் சுற்றி அந்த நிறம் நடுங்கிக்கொண்டிருந்தது. அத்தனை பேரும் பார்த்தோம்.  நடை தானாக வேகமெடுத்தது.

அப்போது பின்னாலிருந்து, எரிக்கிறவர் குரல் கேட்டது.

"யாராச்சும் வாங்களேன்! இது இன்னா நெருப்புன்னே தெரியலயே!"

வழக்கத்தை மீறி எல்லோரும் திரும்பினோம்.

வைக்கோல் போர்த்தி மண் பூசிய சிதை அது. மண் வெடித்த ஒவ்வொரு பிளவிலிருந்தும் தீ வந்துகொண்டிருந்தது. அடியில் நீலம், மேலே போகப் போகப் பச்சை. இலைப் பச்சை இல்லை. சிக்னல் விளக்கின் பச்சை. சுற்றி நின்றவர்கள் முகமெல்லாம் நாள்பட்டுத் தண்ணீரில் கிடந்த முகங்களைப் போல ஆகிவிட்டன.

நான் வேதியியல் படித்தவன். நெருப்பில் செம்பு இருந்தால் பச்சை காட்டும் என்று பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கு வருஷக்கணக்கில் நடத்தியவன். அந்தப் படிப்பு அந்த நொடியில் எங்கே போனது என்று தெரியவில்லை. கையில் செருப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாய் பிளந்து நின்றேன்.

வேலாயுதம் மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"எந்தம்பிக்கு விஷம் வச்சிட்டாங்கடா," என்றார்.

யாரோ ஒருவர் செல்போனை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

நீலத்தில் கை விட்டவர்

செத்துப்போனவர் ஜெகதீசன். முலாம் பூசுகிற பட்டறையில் தொட்டிக்காரர். குழாய், கைப்பிடி, சைக்கிள் சாமான் எல்லாவற்றையும் செம்புத் தொட்டியில் முக்கி, நிக்கல் தொட்டியில் முக்கி, கடைசியில் குரோம் தொட்டியில் முக்கிப் பளபளவென்று எடுப்பதுதான் அவர் வேலை. வாலிப வயதில் அந்தப் பட்டறைக்குள் போனவர். நரைத்த பிறகும் அங்கேதான் இருந்தார்.

ஒவ்வொரு தொட்டிக்கும் பிறகு சாமானைத் தண்ணீரில் அலச வேண்டும். செம்பு அலசிய தண்ணீர் மயில் கழுத்து நிறத்தில் இருக்கும். அப்படி ஓர் அழகு. அந்த அழகு ஓடைக்குப் போகக் கூடாது என்பதற்காகத்தான் பட்டறை முதலாளி என்னைக் கூப்பிட்டார். பாடம் நடத்தும் வேலையை விட்டுவிட்டு, சின்னப் பட்டறைகளின் கழிவுநீரைச் சுத்தம் செய்ய வழி சொல்லிக்கொண்டு நான் திரிந்த வருஷங்கள் அவை.

நான் சொன்ன வழி மல்லாட்டைத் தோல். எங்கள் பக்கத்தில் வேர்க்கடலையை மல்லாட்டை என்போம். விழுப்புரம் பக்கத்து மில்களில் உடைத்த தோல் மலைபோலக் குவிந்து கிடக்கும்; அடுப்புக்கும் சூளைக்கும் போகும். அதைக் கழுவி, லேசாக அமிலத்தில் ஊறவைத்து, டிரம்முகளில் நெருக்கி அடைக்க வேண்டும். மேலே நீலத் தண்ணீரை ஊற்றினால் தண்ணீரில் கரைந்திருக்கிற செம்பைத் தோல் பிடித்துக்கொள்ளும். கீழே தெளிந்து வரும். நெல் உமி, கரும்புச் சக்கை, தேங்காய் நார்த்தூள் எல்லாம் இந்த வேலையைச் செய்யும். எனக்குப் பக்கத்தில் கிடைத்தது மல்லாட்டைத் தோல்.

முதல் நாள் வரிசையாக வைத்த டிரம்முகள் வழியாகத் தண்ணீர் இறங்கி வந்ததை ஜெகதீசன் குந்தி உட்கார்ந்து பார்த்தார். மேலே நீலம், கீழே ஒன்றுமில்லாத தண்ணீர். கையை நீட்டி அதில் நனைத்தார். முகர்ந்தார்.

"சார், அந்த நீலம் எங்க பூட்டுது?"

"தோல் பிடிச்சு வச்சிருக்கு."

"புடிச்சு வச்சிகிட்டு?"

"அவ்வளவுதான். விடாது."

அவர் டிரம்மைத் தட்டிப் பார்த்தார். உள்ளே ஏதோ உயிரோடு அடைபட்டிருப்பதுபோல விலகி எழுந்தார். "பயமாத்தான்யா இருக்குது," என்று சிரித்தார். அவருக்குச் சிரித்தால் இருமல் வரும். இருமினால் நிற்காது.

எலி வராத கொட்டகை

நாளாக ஆகத் தோலுக்கும் வயிறு நிரம்பிவிடும். அதற்கு மேல் பிடிக்காது. அப்போது அதை எடுத்துக் காயவைத்து மூட்டை கட்டி, அபாயக் கழிவைப் புதைக்கிற இடத்துக்கு லாரியில் அனுப்ப வேண்டும். இதை முதலாளியிடம் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தேன். சரி என்றார். மூட்டைகள் பட்டறைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் சேர்ந்தன.

அந்தக் கொட்டகையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மல்லாட்டைத் தோல் மூட்டை என்றால் எலி வரும். உடைந்த பருப்பு ஒன்றிரண்டு கிடக்கும். எறும்பு வரும், கரையான் வரும், கோழி வந்து கிளறும். புதுத் தோல் வைத்திருந்த முன்பக்கத்து இடத்தில் இவையெல்லாம் இருந்தன. இரண்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. சிலந்தி கூட வலை பின்னவில்லை. மழைக்காலத்தில் ஊறிப்போன மூட்டைகள் மக்கவில்லை, காளான் பூக்கவில்லை, நாறவில்லை. பட்டறை நாய் மழைக்கு ஒதுங்க எங்கெங்கோ இடம் தேடும். அங்கே மட்டும் போகாது. வாசலில் நின்று உள்ளே பார்த்துவிட்டு மழையிலேயே திரும்பிவிடும்.

செம்பு கிருமியைக் கொல்லும், பூஞ்சையைக் கொல்லும் என்று எனக்குக் காரணம் தெரியும். இருந்தாலும் உள்ளே போனால் நாலு வார்த்தை உரக்கப் பேசிக்கொண்டுதான் நிற்பேன். அவ்வளவு நிசப்தத்தைத் தாங்க முடியாது.

இடையில், என் அப்பாவின் தலையணை

சிதையின் முன்னால் என் படிப்பு ஏன் உதவிக்கு வரவில்லை என்பதற்கு ஒரு பழைய காரணம் உண்டு.

என் அப்பா துணி மில்லில் சாயப் பிரிவில் இருந்தார். சாரம் பகுதியில் நாங்கள் குடியிருந்த வீட்டில் அவருக்கு என்று தனித் துண்டு, தனித் தலையணை. அவருக்கு வேர்த்தால் துண்டில் கறை படியும். ஒரு மாதம் ஊதா, ஒரு மாதம் கருநீலம், மில்லில் என்ன ஓடுகிறதோ அது. மில்லை மூடிய பிறகு கறை குறையும் என்று அம்மா எதிர்பார்த்தாள். குறைந்தது. ஆனால் நிற்கவில்லை. சாயத்தின் பக்கமே போகாமல் வருஷம் ஓடியும், காய்ச்சலில் படுத்தால் தலையணை உறையில் லேசாக ஒரு நீலம் பூக்கும்.

டாக்டரிடம் காட்டினோம். அப்படி இருக்க வாய்ப்பில்லை, துணியில் தங்கிய பழைய கறையாக இருக்கும் என்றார். அம்மா புது உறை மாற்றினாள். நான் அதற்கு மேல் கேட்கவில்லை. அம்மாவும் சொல்லவில்லை.

ஆகவே ஜெகதீசனின் சிதை பச்சையாக எரிந்தபோது முதலில் எனக்குத் தோன்றியது மல்லாட்டைத் தோல் இல்லை. அந்த மனுஷனுக்குள்ளிருந்து அத்தனை வருஷத்துச் செம்பு வெளியே வருகிறது என்றுதான் தோன்றியது.

தொண்டையில் நின்ற டீ

ஜெகதீசன் இறந்தது ஒரு காலையில். வேலைக்குக் கிளம்பும் முன் மனைவி அஞ்சலை டீ கொடுத்திருக்கிறாள். பாதி குடித்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் உயிர் போய்விட்டது. வயதும் இருமலும் எல்லோருக்கும் தெரிந்தவை. யாரும் எதுவும் கேட்கவில்லை.

நெருப்பைப் பார்த்த பிறகு கேட்டார்கள்.

மறுநாள் காலை பால் தெளிக்கப் போனபோது எலும்புகளின் மேல் பச்சையும் கறுப்புமாகத் திட்டு திட்டாக இருந்தது. அதையும் ஒருவர் படம் எடுத்தார். நாங்கள் அஸ்தியைக் கடலில் கரைத்துவிட்டு வருவதற்குள் முந்தின நாள் எடுத்த வீடியோ எல்லோருடைய போனுக்கும் போய்விட்டிருந்தது. சுடுகாட்டுக்கு வராத பெண்களும் பார்த்துவிட்டார்கள். அஞ்சலையும் பார்த்துவிட்டாள்.

வீட்டு வாசலில் பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. வேலாயுதம் அதற்குக் கீழே நின்று சத்தம் போட்டார்.

"டீயில இன்னாத்தடி கலந்த?"

அஞ்சலை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இன்னா மாமா பேசறீங்க? நான் ஏன் கலக்கப் போறேன்?"

"வெசம் ஏறுன ஒடம்புதான் பச்சையா எரியும். எங்கூர்ல எல்லாருக்கும் தெரியும். ஸ்டேஷனுக்குப் போறேன். உள்ள தள்ளாம வுடமாட்டேன்."

பிரபு இரண்டு பேருக்கும் நடுவில் நின்றான். பெரியப்பா தூக்கி வளர்த்த பிள்ளை அவன். அம்மா பக்கமும் போகவில்லை, பெரியப்பா பக்கமும் போகவில்லை. மொட்டை அடித்த தலையைத் தடவிக்கொண்டே இருந்தான்.

நான் முன்னால் போய்ச் சொன்னேன். இது உடம்பிலிருந்து வந்த நிறம் இல்லை, விறகோடு வேறு ஏதோ சேர்ந்திருக்கிறது, பட்டறைக் கழிவாக இருக்கலாம், விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். வேலாயுதம் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க பட்டறைக்காரங்க ஆளு. பட்டறையில தப்புன்னா எங்களாண்ட வந்து ஒத்துக்குவீங்களா? யாரை ஏமாத்தறீங்க?"



இரண்டு நாள் கழித்து மறுபடி போனேன். தெருவே அந்த வீட்டைத் தாண்டி ஓரமாக நடந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் வாசலோடு பேசிவிட்டுப் போனார்கள். உள்ளே வந்து தண்ணீர் குடிக்க ஒருவரும் தயாராக இல்லை. பக்கத்து வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்த சோறு நின்றுவிட்டது. அஞ்சலை வைக்கிற குழம்பைப் பிரபுவே தொடவில்லை. கடையில் வாங்கி வந்து தனியாக உட்கார்ந்து தின்றான்.

அவள் எனக்கு டீ கொண்டுவந்தாள்.  கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள். எதிர்வீட்டு ஜன்னலிலும் யாரோ நின்றார்கள்.

குடித்தேன். உண்மையைச் சொன்னால் முதல் வாய் தொண்டையில் நின்றது. அந்த வீடியோவை நானும் பல தடவை பார்த்திருந்தேன். ஒரு பொய் பத்து வாயில் புகுந்து வந்தால் பொய் என்று தெரிந்தவனுக்கும் நாக்கில் கசக்கும். முழுக்கக் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தேன்.

"நல்லா இருந்துச்சும்மா," என்றேன்.

அவள் அப்போதுதான் அழுதாள்.

அம்மன் குடிவந்த அடுப்பு

அங்கிருந்து பட்டறைக்குப் போனேன். பின்னால் கொட்டகை காலியாக இருந்தது. ஒரு மூட்டை இல்லை. தரையில் அவை கிடந்த இடம் மட்டும் கறுத்துப் பச்சையாகத் தெரிந்தது.

முதலாளியைக் கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு, "டெம்போக்காரன் எடுத்துட்டுப் போனான்," என்றார்.

"எங்கே எடுத்துட்டுப் போனான்?"

"எங்கியோ. இடத்தை அடைச்சிக்கிட்டு இருந்துது சார். லாரிய எதிர்பார்த்துட்டே எத்தினி நாளைக்கு இருக்கறது?"

புதுத் தோல் கொண்டுவருகிற டெம்போ டிரைவர் பழனியைப் பிடித்தேன். அவன் எதையும் மறைக்கவில்லை. மறைக்க ஏதாவது இருக்கிறது என்றே அவனுக்குத் தெரியாது.

"ரிட்டனு சும்மா வர்ற வண்டிதானே சார். ஓனரு எடுத்துக்கோன்னாரு. மல்லாட்டத் தோலுதானே, அடுப்புக்கு ஆவும்னு குடுத்தேன். சுடுகாட்டுக்கு விறகு போடற கடைக்குக் கொஞ்சம். செங்கச் சூளைக்குக் கொஞ்சம். அப்பறம் கருவடிக்குப்பம் போற வழியில ஒரு இட்லிக் கடை, அந்த ஆயாவுக்கு மிச்சம்."

"எரிச்சா பச்சையா வருதுன்னு யாரும் சொல்லலயா?"

"அந்த ஆயா சொன்னாங்க. இன்னும் வேணும்னு கேட்டாங்க."

சாயங்காலம் அந்த இட்லிக் கடைக்கு அவனையும் கூட்டிக்கொண்டு போனேன். தூரத்திலேயே கூட்டம் தெரிந்தது. இட்லி தின்ன வந்த கூட்டம் மாதிரி இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள்.

சாலையோரத்துக் கீற்றுக் கொட்டகை. மண் அடுப்புக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தது. வாயில் வேப்பிலை செருகியிருந்தது. உள்ளே, இட்லிப் பானைக்கு அடியில், அதே தீ. நீலத்தில் தொடங்கிப் பச்சையில் முடிகிற அதே தீ, சத்தமில்லாமல் பானையின் வயிற்றை நக்கிக்கொண்டிருந்தது. ஒரு பெண் அடுப்புக்குக் கற்பூரம் காட்டினாள். கற்பூரத்தின் மஞ்சள் தீ அதன் பக்கத்தில் அழுக்காகத் தெரிந்தது.

கடைக்கார அம்மாள் பாக்கியத்துக்குக் கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. குரல் போய்விட்டிருந்தது.

"ஆத்தா வந்து குந்தியிருக்குது சார்," என்று காற்றாகச் சொன்னாள். "எந்தொண்டையை எடுத்துக்கிட்டு அடுப்புல வந்து குந்தியிருக்குது."

ஒரே தீ. கதிர்காமத்தில் அது ஒரு பெண்ணைக் கொலைகாரி ஆக்கிவிட்டது. இங்கே அது தெய்வம்.

நான் அவளிடம் மெதுவாகச் சொன்னேன். இது பட்டறைக் கழிவு, இந்தப் புகைதான் உங்கள் தொண்டையை அடைத்திருக்கிறது, இதில் சமைக்கவும் கூடாது, இந்தச் சாம்பலில் பாத்திரம் தேய்க்கவும் கூடாது என்றேன். நின்றவர்களில் ஒருவர் என் சட்டைக் காலரைப் பிடித்தார். "யார்யா நீ, சாமி குத்தம் பேசறே?"

பழனிதான் காப்பாற்றினான். அடுப்பைப் பார்த்ததிலிருந்து அவன் வெளிறிப் போயிருந்தான். "ஆயா, அத நாந்தானே கொண்டாந்து போட்டேன்? இது சாமி இல்ல ஆயா. பிளேட்டிங் பட்டறையில தண்ணி வடிகட்டுன தோலு. எனக்குத் தெரியாம கொடுத்துட்டேன். எம்மேல ஆணையா, வுட்டுடு ஆயா."

 பாக்கியம் ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து, கும்பிட்டுவிட்டு, அவளே ஊற்றினாள். தீ சீறி அணைந்தது. எழுந்த ஆவியில் நாணயத்தை நாக்கில் வைத்ததுபோல ஒரு சுவை எல்லோர் வாயிலும் படர்ந்தது. கூட்டம் வாயைத் துடைத்துக்கொண்டு பின்வாங்கியது.

மிச்ச மூட்டைகளை டெம்போவில் ஏற்றினோம். பாக்கியத்தை அன்றே டாக்டரிடம் அனுப்பினேன். குரல் திரும்பி வந்தது. முன்பு இருந்த குரல் இல்லை.

பந்தலுக்குக் கீழே

அங்கிருந்து நேராகக் கதிர்காமம் போனோம். வேலாயுதம் அங்கேதான் இருந்தார். காரியம் முடியும்வரை ஊருக்குப் போக மாட்டேன், முடிந்ததும் ஸ்டேஷன்தான் என்று வாசலிலேயே படுத்துக் கிடந்தார்.

காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னேன். ஒரு பழைய இரும்புச் சட்டியில் சாதாரண மல்லாட்டைத் தோலைப் போட்டுக் கொளுத்தினேன். மஞ்சளாக எரிந்தது. பிறகு மூட்டையைப் பிரித்து ஒரு பிடி அள்ளி அதன் மேல் போட்டேன்.

ஒரு கணம் புகைந்தது. அப்புறம் பச்சை.

தெரு முழுக்க மூச்சை இழுத்துக்கொண்ட சத்தம் கேட்டது. எதிர்வீட்டுச் சுவர், பந்தல் கீற்று, வேலாயுதத்தின் வெள்ளை மீசை எல்லாம் அந்த நிறத்துக்குப் போயின. பிரபு தரையில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"இதுல யாரு உடம்பும் இல்லீங்க," என்றேன். "வெறும் தோலு. பட்டறைத் தண்ணியில இருந்த செம்பை இது பிடிச்சு வச்சிருக்கு. இதே மூட்டையைத்தான் விறகோட சேர்த்து அடுக்கியிருக்காங்க."

பழனி கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தான். "நாந்தான் அங்க எறக்கினேன்யா."

வேலாயுதம் எழுந்தார். சட்டியருகே போய் எரிவதைக் குனிந்து பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தில் பொத்திக்கொண்டார். அந்தத் துண்டுக்குள்ளிருந்து, "பெரிய பாவம் பண்ணிட்டேன் அஞ்சல," என்று கேட்டது.

அஞ்சலை அவரைப் பார்க்கவில்லை. அவள் நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். சட்டியில் மண்ணை அள்ளிப் போட்டு அணைக்கக் குனிந்தபோது அவள் கேட்டாள்.

"சார், அந்தத் தோலு தண்ணியில கலந்து இருக்கறத எல்லாம் புடிச்சு வச்சிக்குமா?"

"ஆமாம்மா."

"விடாதா?"

"விடாது."

"அவரு அந்தத் தொட்டி மேலயே குனிஞ்சிக்கினு இருந்தாரே. அத்தினி வருசம் அந்த ஆவியத்தானே இழுத்தாரு. அவரு நெஞ்சும் இப்படித்தானே புடிச்சு வச்சிருந்திருக்கும்?"

கையில் அள்ளிய மண்ணோடு நின்றேன். குரோம் தொட்டியிலிருந்து எழும் ஆவியைப் பற்றி எனக்குத் தெரியும். அது நுரையீரலைப் புண்ணாக்கும் என்பதும் தெரியும். தண்ணீரைச் சுத்தம் செய்ய என்னைக் கூப்பிட்டார்கள். காற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஜெகதீசனின் நெஞ்சில் என்ன இருந்தது என்று இனி எவராலும் சோதிக்க முடியாது. அது கடலில் கரைந்துவிட்டது.

"இருந்திருக்கலாம்மா," என்றேன். "தெரியல."

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலாயுதத்திடம் திரும்பினாள்.

"மாமா, ஸ்டேஷனுக்குப் போறேன்னு சொன்னீங்கள்ல? நாளைக்குக் காலையில கிளம்புங்க. மொதல்ல பட்டறைக்குப் போவோம். அப்பறம் நீங்க சொல்ற எடத்துக்கெல்லாம் நானும் வர்றேன்."

வாசலில் நின்றவர்கள்

அவர்கள் போனார்கள். கூட நானும் போனேன். முதலாளி முதலில் கத்தினார், பிறகு கெஞ்சினார், பிறகு நாற்காலி போட்டார். அஞ்சலை உட்காரவில்லை. செத்தவருக்காக அவள் ஒன்றும் கேட்கவில்லை. வேலையில் இருக்கிறவர்களின் நெஞ்சை டாக்டர் பார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்டாள். அது நடக்கும்வரை காலையில் வந்து வாசலில் நிற்பேன் என்றாள். நின்றாள். பக்கத்தில் வேலாயுதமும் நின்றார்.

மூட்டை விஷயத்தை நானே அதிகாரிகளுக்குச் சொன்னேன். பட்டறையைக் கொஞ்ச காலம் மூடினார்கள். சுடுகாட்டிலும் இட்லிக் கடையிலும் சாம்பல் கிடந்த மண்ணைத் தோண்டி எடுத்தார்கள். செங்கல் சூளைக்குப் போன மூட்டைகள் மட்டும் கிடைக்கவில்லை. எரிந்து, செங்கல்லாகி, எந்தெந்தச் சுவருக்குள்ளோ போய்விட்டன. மறுபடி பட்டறையைத் திறந்தபோது தோலை வெளியே அனுப்பும் வழக்கமே இல்லை. தண்ணீரில் விடாததை வீரிய அமிலத்தில் தோல் விட்டுவிடும்; அங்கேயே அப்படிக் கழுவிச் செம்பைத் திரும்பத் தொட்டிக்கு எடுத்தோம். ஒவ்வொரு தொட்டிக்கும் மேலே ஆவியை இழுக்கும் குழாய் வைத்தார்கள். இரண்டு பேரைக் குரோம் தொட்டிப் பக்கமே வரக் கூடாது என்று டாக்டர் நிறுத்தினார். அதில் ஒருவருக்கு இன்னும் வைத்தியம் நடக்கிறது.

ஆனால் எனக்கு மறக்காமல் நிற்பது எக்ஸ்ரே படங்கள் வந்த அந்தக் காலைதான்.

டாக்டர் மத்தியானம் வந்து பார்த்துச் சொல்வார், அதுவரை யாரும் பிரிக்க வேண்டாம் என்று சொல்லி, ஆளுக்கொரு உறையைக் கையில் கொடுத்துவிட்டார்கள். யார் கேட்பார்கள்? தொட்டிக்காரர்கள், பாலிஷ் போடுகிறவர்கள், சாமானைக் கம்பியில் கட்டித் தொங்கவிடுகிறவர்கள் எல்லோரும் உறையைப் பிரித்துக்கொண்டு வெயிலுக்கு வந்தார்கள். பட்டறை வாசலில் வரிசையாக நின்று, அவரவர் நெஞ்சை வானத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள்.  வெயில் அந்தப் படங்கள் வழியாக இறங்கி, விலா எலும்புகளின் நிழலை அவர்கள் முகத்தில் போட்டது.

அஞ்சலை ஒவ்வொருவரிடமாகப் போய், தலையை உயர்த்தி அவர்களோடு சேர்ந்து பார்த்தாள். எதைத் தேடுகிறாள் என்று அவளுக்கும் தெரிந்திருக்காது.

பாலிஷ் போடுகிற குமார் என்னைக் கூப்பிட்டார். அவர் விரல் படத்தின் நடுவில், இடது பக்கமாக ஓர் இடத்தைத் தொட்டது.

"சார், இங்க வெள்ளையா குந்திக்கினு இருக்குதே, இது இன்னா?"

"அது உங்க இதயம்ப்பா," என்றேன்.

அவர் நம்பவில்லை. படத்தைத் திருப்பிப் பிடித்து, அது அங்கேயே இருக்கிறதா என்று மறுபடியும் பார்த்தார்.